இரண்டாக வெட்டப்பட்ட தரிசனம்: தியெப்போலோவின் புனித பாஸ்கல் ஓவியத்துக்கு என்ன நடந்தது?

மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் ஜொவான்னி பத்திஸ்தா தியெப்போலோ வரைந்த இரண்டு கான்வாஸ்கள் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்றில் பெரிய இறக்கைகளோடு ஒரு வானதூதர், கையில் நற்கருணைக் கதிர்ப்பாத்திரம், அதாவது கிறிஸ்துவின் உடலாக வணங்கப்படும் அப்பத்தை வைத்துக் காட்டும் பாத்திரம். இன்னொன்றில் பிரான்சிஸ்கன் அங்கி போட்ட ஒரு துறவி, அண்ணாந்து பார்த்தபடி. விவரம் தெரியாமல் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு ஓவியங்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தத் துறவி அண்ணாந்து பார்ப்பதே அந்த வானதூதரைத்தான். இரண்டும் ஒரே பீட ஓவியத்தின் துண்டுகள். 1770-ல் ஒரு கோவிலின் நடுப்பீடத்தில் மாட்டப்பட்டு, ஐந்தே வருடத்தில் கழற்றப்பட்டு, அப்புறம் வெட்டுப்பட்டுப் போன ஓவியம் அது.

கலை வரலாற்றில் இந்தச் சம்பவத்தை வழக்கமாக ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்: சிங்காரமான ரோகோகோ பாணி காலாவதியாகிவிட்டது, பழைய கிரேக்க, ரோமானியக் கலையைப் பின்பற்றும் நியோகிளாசிக்கல் பாணி வந்தது, பழையதை இறக்கிவிட்டுப் புதியதை மாட்டினார்கள். இதில் பொய் இல்லை, ஆனால் போதாது. இறக்கப்பட்ட அந்த ஓவியம் நாம் ரோகோகோ என்றதும் நினைக்கும் ஆடம்பரமும் சிங்காரமுமான ஓவியமே இல்லை. எளிமை வேண்டும் என்று சொல்லித்தான் பழையதைத் தள்ளினார்கள். அவர்கள் தள்ளிய ஓவியமோ தியெப்போலோ தன் வாழ்நாளில் வரைந்ததிலேயே எளிமையான வரிசையைச் சேர்ந்தது.

முதலில் ஓவியத்தில் இருக்கும் புனிதர் யார் என்று பார்த்துவிடலாம். நம்மூர்க் கத்தோலிக்கர்களுக்குக்கூட அந்தோனியார், சவேரியார், செபஸ்தியார் தெரிந்த அளவுக்கு இவரைத் தெரியாது. பாஸ்கல் பைலோன் 1540-ல் ஸ்பெயினின் அரகோன் பகுதியில் தோர்ரெஎர்மோசா என்ற ஊரில் பிறந்தார். ஏழைக் குடும்பம், சின்ன வயதிலிருந்தே ஆடு மேய்ப்புதான். மேய்ச்சல் நிலத்தில் உட்கார்ந்து, வழியே போகிறவர்களிடம் எழுத்தைக் கேட்டுக்கேட்டுப் படிக்கக் கற்றுக்கொண்டார் என்று அவருடைய வரலாற்றில் சொல்வார்கள். 1564-ல் பிரான்சிஸ்கன் சபையில், அதிலும் அல்காந்தரா சீர்திருத்தத்தைப் பின்பற்றிய கடுந்தவப் பிரிவில் சேர்ந்தார். குருப்பட்டம் வாங்காமல் கடைசிவரை பொதுநிலைச் சகோதரராகவே இருந்தார். மடத்தில் வாசல் காப்பது, சமையல், தோட்டவேலை, பிச்சைக்குப் போவது, இதுதான் அவருடைய வாழ்க்கை. 1592-ல் வில்லாரெயால் ஊரில் இறந்தார்.

அவரைப் பற்றிய கதைகள் எல்லாம் நற்கருணையைச் சுற்றியே வரும். வயலில் ஆடு மேய்க்கும்போது தூரத்துக் கோவிலில் எழுந்தேற்ற மணி (பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும் நேரத்து மணி) அடிக்கும், இவர் நின்ற இடத்திலேயே முழங்காலில் விழுவார், சம்மனசு (வானதூதர்) நற்கருணையைத் தாங்கி வானத்தில் தோன்றும். இறந்தபின் அடக்கப் பூசையில் எழுந்தேற்ற நேரத்தில் பிணமாகக் கிடந்தவர் கண்ணைத் திறந்து பார்த்தார் என்றும் ஒரு கதை உண்டு. பிரான்சில் கத்தோலிக்கருக்கும் ஹியூகனோக்கள் என்ற பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையே கலவரம் நடந்த காலத்தில், சபையின் வேலையாகப் பாரிஸ் வரை நடந்து போய், வழியில் கல்லடி பட்டுத் தோளில் காயத்தோடு திரும்பினார். அப்பத்தில் கிறிஸ்து உண்மையாகவே இருக்கிறாரா இல்லையா என்பதுதான் அந்தச் சண்டையின் நடுவில் இருந்த கேள்விகளில் ஒன்று. அதனால் படிக்காத ஆட்டிடையன் ஒருவனுக்கு அது கண்ணெதிரே தெரிந்தது என்ற கதைக்கு அன்றைய திருச்சபையில் பெரிய மதிப்பு இருந்தது. 1618-ல் முத்திப்பேறு பட்டம், 1690-ல் புனிதர் பட்டம். பிற்பாடு 1897-ல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ, உலக நற்கருணை மாநாடுகளுக்கெல்லாம் இவரையே பாதுகாவலராக அறிவித்தார். 1964-ல் பம்பாயில் ஆறாம் பவுல் வந்து கலந்துகொண்ட மாநாடும் அந்த வரிசையில் வந்ததுதான். மெக்சிகோவில் இவர் சமையல்காரர்களின் புனிதர், பிலிப்பைன்ஸின் ஓபந்தோ ஊரில் பிள்ளை வரம் கேட்டு இவருடைய திருநாளில் ஆடுவார்கள். அது தனிக்கதை.

சரி, வெனிஸ்காரரான தியெப்போலோ இந்த ஸ்பானியப் புனிதரிடம் எப்படி வந்து சேர்ந்தார்?

1696-ல் பிறந்த தியெப்போலோ, 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவிலேயே அதிகம் தேடப்பட்ட சுவரோவியக்காரர். விதானத்தைப் பிளந்து வானத்தைக் காட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் அரண்மனைப் படிக்கட்டுக்கு மேலே 1750-களின் தொடக்கத்தில் அவர் வரைந்த விதானம் சுமார் 600 சதுர மீட்டர். நான்கு கண்டங்களும், நடுவில் சூரியதேவன் அப்போலோவும், ஓரங்களில் யானை, ஒட்டகம், முதலை என்று ஒரு முழு உலகமே அங்கே இருக்கிறது. ரோகோகோ என்றால் பொதுவாக இந்த வகைதான் நினைவுக்கு வரும்: லேசான நிறங்கள், மிதக்கும் உடல்கள், புரளும் பட்டு, எதற்கும் கனமே இல்லாத ஓர் உலகம். அரண்மனைக்கு இது பொருந்தும். கோவிலுக்குப் பொருந்துமா என்ற முணுமுணுப்பு அந்தக் காலத்திலேயே இருந்தது. ஆனால் வெனிஸில் கேட்டுக்கேட்டு வாங்கினார்கள். ஜெசுவாத்தி கோவில், கார்மினி சபை, பியெத்தா கோவில் என்று வரிசையாக அவருடைய விதானங்கள்தான்.

1762-ல் ஸ்பெயின் அரசர் மூன்றாம் கார்லோஸ் மாட்ரிட்டில் புதிதாகக் கட்டிய அரண்மனைக்கு விதானம் வரைய அவரை அழைத்தார். 66 வயதில், ஜந்தோமெனிக்கோ, லொரென்சோ என்ற இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு தியெப்போலோ கிளம்பினார். மூன்று விதானங்களையும் முடிக்க நாலைந்து வருடம் ஆயிற்று. அதோடு ஊருக்குத் திரும்பியிருக்கலாம். அவரோ இங்கேயே இருக்கிறேன், வேலை கொடுங்கள் என்று தானே கேட்டுக்கொண்டார். 1767 மார்ச்சில் வேலை வந்தது: அரான்ஹுவெஸில் அரசர் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த புனித பாஸ்கல் மடத்துக் கோவிலுக்கு ஏழு பீட ஓவியங்கள்.

அரான்ஹுவெஸ், மாட்ரிட்டுக்குத் தெற்கே சுமார் 45 கிலோமீட்டரில் தாஹோ ஆற்றங்கரையில் இருக்கிறது, வசந்த காலத்தில் மொத்த அரசவையும் அங்கேதான் போய்த் தங்கும். மடத்தின் பின்னணியைக் கவனித்தால் பின்னால் நடந்ததற்கான வித்து அங்கேயே இருப்பது தெரியும். அரசரின் ஆன்ம குருவாக இருந்தவர் ஹோவாகின் தெ எலெத்தா. அவரே அந்த அல்காந்தரா பிரிவுத் துறவி, அதாவது பாஸ்கல் இருந்த அதே பிரிவு. மடமும் அந்தப் பிரிவுக்குத்தான். அரசர் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்வது இவரிடம். அதனால் அரசவையில் இவருக்கு இருந்த செல்வாக்கைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எந்தெந்தப் புனிதர்கள் என்று பாருங்கள்: நடுப்பீடத்தில் பாஸ்கல், மற்றவற்றில் அமல உற்பவ மாதா (ஜென்மப் பாவம் இல்லாமல் கருவான மரியாள்), கிறிஸ்துவின் ஐந்து காயங்களைத் தன் உடலில் வரமாகப் பெறும் பிரான்சிஸ் அசிசியார், சூசையப்பர், சார்லஸ் பொரோமெயோ, பதுவை அந்தோனியார், அல்காந்தரா பேதுரு. ஏழில் நான்கு பேர் பிரான்சிஸ்கன்கள். அமல உற்பவத்துக்காக நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியதும் பிரான்சிஸ்கன்களே. பொரோமெயோ அரசரின் பெயர்கொண்ட புனிதர். ஒரு சேசு சபை (ஜெசுவிட்) புனிதர்கூட இல்லை, அதே 1767 வசந்தத்தில்தான் கார்லோஸ் சேசு சபையினரை ஸ்பெயினிலிருந்தே விரட்டினார். (கார்லோஸ் போன்ற கத்தோலிக்க அரசர்கள் கொடுத்த நெருக்கடியில்தான் 1773-ல் ரோம் அந்தச் சபையையே கலைத்தது. நம்முடைய பழைய மதுரை மிஷன் முடிவுக்கு வந்ததும் அதனால்தான்.) ஆக இது வெறும் அலங்கார வேலை இல்லை. அரசவையில் எந்தச் சபையின் கை ஓங்கியிருக்கிறது என்பதை ஏழு பீடங்களும் சொல்லிக்கொண்டிருந்தன.

ஓவியத்துக்கு வருவோம். முழு ஓவியம் எப்படி இருந்தது என்பது நமக்கு நன்றாகவே தெரியும், காரணம் அரசரின் ஒப்புதலுக்காகத் தியெப்போலோ எண்ணெய்ச் சாயத்திலேயே செய்த சின்ன மாதிரி ஓவியம் லண்டன் கோர்ட்டால்ட் காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 64 சென்டிமீட்டர் போல. இந்தத் தொகுதியின் மாதிரிகள் ஐந்து அங்கே ஒன்றாக இருக்கின்றன, அந்த ஐந்தையும் பார்க்காமல் இந்த விஷயத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

மேலே வானதூதர், கீழே மடத்துத் தோட்டத்தில் முழங்காலில் பாஸ்கல். தோட்டவேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கிறார். ஓவியத்தில் இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். கூட்டம் இல்லை, சாட்சிக்கு ஆள் இல்லை. வூர்ட்ஸ்பர்க்கில் நூற்றுக்கணக்கான உருவங்களை மிதக்கவிட்ட கை, இங்கே ஒரே ஒரு பெரிய சம்மனசோடு நிறுத்திக்கொண்டது. இந்தப் புனிதரின் தரிசனத்தை வரைந்தவர்கள் பலரும் ஆட்டிடையனாக வயல்வெளியில் காட்டுவார்கள், இல்லையென்றால் கோவில் பீடத்துக்கு முன்னால் நிறுத்துவார்கள். தியெப்போலோ தோட்டத்தைப் பிடித்தார். அங்கி சாம்பல் கலந்த பழுப்பு, முகம் உழைத்துக் களைத்த வயதான முகம், அழகுபடுத்தும் முயற்சியே இல்லை. பார்க்கிற பார்வையில் பரவசத்தைவிடத் திகைப்புத்தான் அதிகம். பரோக் ஓவியங்களில் வருகிற, கண் செருகி உதடு பிரிந்து மயங்கும் புனிதர்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த மனிதர் ரொம்ப நிதானமானவர்.

எனக்கு முக்கியமாகப் படுவது இருவருக்கும் நடுவில் இருந்த வெளி. மேலே இருப்பவரின் உலகம் ஒளியாலும் மேகத்தாலும் ஆனது, கீழே இருப்பவருடையது மண்ணாலும் செடியாலும் ஆனது, இரண்டையும் இணைப்பது துறவியின் பார்வை ஒன்றுதான். நற்கருணையைப் பற்றிய போதனையும் அதுதானே: சாதாரண அப்பத்தில் கண்ணுக்குத் தெரியாதது இருக்கிறது என்பது. அதைப் பிரசங்கமாகச் சொல்லாமல், மேலுக்கும் கீழுக்கும் உள்ள தூரமாக வரைந்திருந்தார். பீடத்துக்கு முன்னால் பூசை நடக்கும்போது குருவானவர் அப்பத்தை உயர்த்துவது ஓவியத்துக்கு நேர் கீழே. மணி அடிக்கும் அந்த நொடியில் உண்மையான அப்பமும், முழங்காலிட்ட பாஸ்கலும், கதிர்ப்பாத்திரம் ஏந்திய வானதூதரும் ஒரே வரிசையில் வருவார்கள். அருங்காட்சியகச் சுவரில் இது நமக்குத் தெரியவே தெரியாது, பீட ஓவியங்களைப் பற்றி எழுதுகிற பலர் மறந்துபோவதும் இதைத்தான்.

அதே தொகுதியில் முழுசாகத் தப்பியவற்றில் இரண்டு ஓவியங்களும் பிராடோவில் இருக்கின்றன. அமல உற்பவ மாதா ஓவியத்தில் பூமி உருண்டைமேல் நின்று, வாயில் ஆப்பிளோடு கிடக்கும் பாம்பை மிதித்துக்கொண்டிருக்கும் மரியாள், தலையைச் சுற்றி நட்சத்திரங்கள், மேலே புறா. கனிவான அம்மா முகம் இல்லை அது, கண்ணிமை தாழ்த்திய, நெருங்க முடியாத அரசி முகம். ஏறக்குறைய 2.8 மீட்டர் உயரக் கான்வாஸில் அந்த உருவம் தூண்போல நேராக நிற்கிறது. இன்னொன்றில் பிரான்சிஸ் அசிசியார் கற்பாறை நிலத்தில் வலு இழந்து சரிகிறார், ஒரு சம்மனசு அவரைத் தாங்கிப் பிடிக்கிறது. மிதக்கிற விளையாட்டு எதுவும் இதிலும் கிடையாது. எழுபதைத் தாண்டிய தியெப்போலோ, தன் முந்தைய பாணியில் இருந்த சிங்காரத்தை எல்லாம் தானே கழற்றிக்கொண்டிருந்தார் என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

1769 ஆகஸ்டில் ஏழும் தயார் என்று தெரிவித்தார். எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது, எப்படி மாட்டுவது என்று கேட்க எலெத்தாவைப் பார்க்க வேண்டும். எலெத்தா பிடிகொடுக்கவில்லை. ஐரோப்பாவின் முதல்வரிசை ஓவியர், 73 வயது, ஒரு துறவியின் வாசலில் காத்திருந்து திரும்பிவர வேண்டியிருந்தது. அமைச்சர் மிகெல் தெ முஸ்கிஸ் மூலமாக அரசரிடம் விஷயத்தைக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. 1770 மார்ச் 27 அன்று மாட்ரிட்டில் இறந்தார். தன் ஓவியங்கள் பீடம் ஏறியதை அவர் பார்க்கவே இல்லை, அவை மாட்டப்பட்டது அந்த மே மாதம். அவரை அடக்கம் செய்த சான் மார்த்தின் கோவிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டு, கல்லறையும் போய்விட்டது.

1775-ல் ஏழையும் இறக்கிவிட முடிவானது. நடுப்பீடத்துக்குப் புதிய பாஸ்கலை வரைந்தவர் ஜெர்மன் ஓவியர் அந்தோன் ராஃபேல் மெங்ஸ், மற்றவற்றைப் பிரான்சிஸ்கோ பயேயு, மரியானோ மாயெல்யா இருவரும். இங்கேதான் அந்த 'மெங்ஸ் எதிர் தியெப்போலோ' கதை கிளம்புகிறது. பொறாமைக்கார ஜெர்மன்காரர், மேதையான வெனிஸ்காரரைக் கவிழ்த்துவிட்டார் என்று சொல்வார்கள். நாடகத்துக்கு நல்ல கதைதான். ஆனால் 1769 முதல் 1774 வரை மெங்ஸ் ஸ்பெயினிலேயே இல்லை, இத்தாலியில் இருந்தார். எலெத்தா வாசலை அடைத்த நாட்களிலும் சரி, தியெப்போலோ இறந்தபோதும் சரி, ஓவியங்கள் மாட்டப்பட்டபோதும் சரி, அவர் அங்கே கிடையாது. எதிரியும் செத்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. பொறாமை என்று சொன்னால் ஒட்டவில்லை.

ரசனை மாறியது என்பது உண்மை. அதற்கு அரசரே ஒரு காரணம். கார்லோஸ் ஸ்பெயினுக்கு வருமுன் நேப்பிள்ஸை ஆண்டவர், ஹெர்குலேனியத்திலும் பொம்பேயிலும் தோண்டத் தொடங்கியது அவருடைய ஆட்சியில்தான். மண்ணுக்குள்ளிருந்து வந்த ரோமானியச் சிலைகளும் சுவர்களும் ஐரோப்பாவின் கண்ணையே மாற்றிக்கொண்டிருந்தன. ரோமில் இருந்த கலை வரலாற்று அறிஞர் வின்கெல்மான் கிரேக்கச் சிற்பத்தின் எளிமையும் அமைதியான மேன்மையும்தான் கலையின் உச்சம் என்று எழுத, அதை ஓவியத்தில் செய்துகாட்டியவர் என்று பெயர் வாங்கியவர் அவருடைய நண்பர் மெங்ஸ். தெளிவான கோடு, சமன்செய்த உருவங்கள், அலைபாயாத ஒளி. அரசரின் தலைமை ஓவியரும் 1766 முதல் அவர்தான். அரண்மனையின் கலைக்கொள்கையே அவர் பக்கம் சாய்ந்தபோது, தியெப்போலோ பெயரைக் கேட்டாலே 'பழைய ஆள்' என்று ஆகிவிட்டது. ஓவியத்தை நின்று பார்த்து யாரும் தீர்ப்பு சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை, பெயரைப் பார்த்துச் சொன்ன தீர்ப்புத்தான் இது. மாதிரிகளை அரசரே பார்த்து ஒப்புக்கொண்டார் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

எலெத்தாவின் பக்கத்தில் இன்னொரு காரணம் இருந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். அவருக்கு வேண்டியிருந்தது தன் சபையின் புனிதரின் மகிமை. தியெப்போலோ கொடுத்தது தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு வயதான மனிதர். அரச கோவிலின் நடுப்பீடத்தில், மொத்த அரசவையும் பார்க்கிற இடத்தில், தங்கள் புனிதர் இவ்வளவு சாதாரணமாகத் தெரிவது அவருக்கு உறுத்தியிருக்கலாம். அல்லது சம்மனசின் அழகு உறுத்தியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் எளிமை போதவில்லை என்ற குற்றச்சாட்டு இந்த ஓவியத்தின் மேல் நிற்காது.

அப்புறம் வெட்டு. பீடத்தை விட்டு இறங்கிய பெரிய கான்வாஸ் யாருக்கும் வசதியான பொருள் இல்லை. அளவு அதிகம், வேறு பீடங்களுக்குப் பொருந்தாது, வீட்டுச் சுவருக்கு ஆகவே ஆகாது. அழகான பகுதிகளை மட்டும் வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு வைத்துக்கொள்வது அந்தக் காலத்தில் அதிர்ச்சியான விஷயமும் இல்லை. அப்படித்தான் பாஸ்கல் தனியாக, வானதூதர் தனியாக. வெட்டியவர்களுக்கு உருவம்தான் ஓவியம், நடுவில் இருந்தது வெறும் மேகம், வெறும் சுவர். இரண்டு முக்கியப் பாத்திரங்களையும் பத்திரமாகக் காப்பாற்றிவிட்டதாகக்கூட நினைத்திருப்பார்கள். தரிசனம் என்பதற்குப் பார்க்கிறவரும் பார்க்கப்படுவதும் ஒரே சட்டத்துக்குள் இருக்க வேண்டும். இப்போது ஒருவர் ஒன்றுமில்லாத மூலையைப் பார்க்கிறார், மற்றவர் யாருக்கும் காட்டாமல் கதிர்ப்பாத்திரத்தை வைத்திருக்கிறார்.

மற்ற ஓவியங்களும் சிதறின. குழந்தை இயேசுவோடு இருக்கும் சூசையப்பர் துண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட்டில், சார்லஸ் பொரோமெயோ சின்சினாட்டியில், அல்காந்தரா பேதுரு மாட்ரிட் அரண்மனையில், அந்தோனியார் பிராடோவில். மகன்களில் ஜந்தோமெனிக்கோ அப்பா இறந்த வருடமே வெனிஸுக்குத் திரும்பினார். ஸ்பெயினில் தங்கிய லொரென்சோ 1776-லேயே இறந்துபோனார்.

ஓவியங்களை இறக்கிய அதே 1775-ல் சரகோசாவிலிருந்து ஓர் இளைஞர் மாட்ரிட்டுக்கு வேலைக்கு வந்து சேர்ந்தார். அரச நெசவுக்கூடத்துத் திரைச்சீலைகளுக்கு மாதிரி வரையும் வேலை, மேற்பார்வை மெங்ஸ். புதிய பீட ஓவியங்களை வரைந்த பயேயுவின் தங்கையைத்தான் அவர் கட்டியிருந்தார். பெயர் பிரான்சிஸ்கோ கோயா. குடும்பமும் மேலதிகாரியும் மெங்ஸ் கட்சி, ஆனால் அவர் பிற்பாடு வரைந்ததில் தெரிகிற வேகமான தூரிகையும் வெளிச்சத்தை வீசிப் போடும் துணிச்சலும் மெங்ஸிடம் கற்றவை இல்லை. மாட்ரிட்டில் அவருக்கு முன்னால் அப்படி வரைந்து காட்டியவர் தியெப்போலோ.

இந்தத் தொகுதியைப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலில் கோர்ட்டால்ட் மாதிரியை இணையத்தில் பெரிதாகத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் பிராடோவின் இரண்டு துண்டுகளையும் வைத்துப் பாருங்கள். எவ்வளவு கான்வாஸ் காணாமல் போயிருக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.